கேளுங்க, சொல்றோம்: நொய்யலும் ஒரத்துப்பாளையம் டேமும்

போன இதழ்ல நொய்யல் ஆத்துக்குக் குறுக்க கட்டின ஒரத்துப்பாளையம் டேம் காலியா கெடக்கற போட்டோ ஒண்ணைப் போட்டாலும் போட்டோம், ஆசிரியர் மேஜையில கேள்வியா குவிஞ்சிருச்சு. ஒரே மாதிரி வந்ததையெல்லாம் சேர்த்து ஒண்ணாக்கிட்டேன். பேரு போட வேண்டாம்னு நிறையப் பேர் கேட்டுக்கிட்டாங்க, அதனால எல்லாருக்குமே ஊர் மட்டும்தான்.

கே: எங்க ஊருக்குப் பக்கத்துலதான் ஒரத்துப்பாளையம் டேம். நல்ல மழை பேஞ்சு ஆத்துல வெள்ளமே வந்தாலும் தேக்காம அப்படியே திறந்து விட்டுடறாங்க. கோடையில தண்ணிக்கு நாங்க படாத பாடு படறோம், இங்க கோடிக்கணக்குல கட்டின டேம் சும்மா கெடக்கு. இது என்னங்க நியாயம்? (சென்னிமலை வாசகர். இதையே காங்கேயம், வெள்ளகோவில்ல இருந்தும் கேட்டிருக்காங்க)

ப: உங்க கோவம் புரியுதுங்க, ஆனா தேக்காதீங்கன்னு சண்டை போட்டதே விவசாயிங்கதான், அதைத் தெரிஞ்சுக்கிட்டு மேல படிங்க.

டேம் திறந்தது 1992ல. 16 கோடி ரூபாய்க்கு மேல செலவு, 40 அடி உயரம், கரை மட்டும் ரெண்டு கிலோமீட்டருக்கு மேல, கொள்ளளவு 0.6 டிஎம்சி சுமாருக்கு. பவானிசாகர் 32.8 டிஎம்சி, அதோட வச்சுப் பாத்தா இது ஒண்ணுமேயில்ல, ஆனா நொய்யல் மாதிரி சின்ன ஆத்துக்கு இது பெரிய விஷயம்தான். கீழ கரூர் பக்கம் வரைக்கும் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல பாயும்னு கணக்குப் போட்டுத்தான் கட்டினாங்க. கணக்குல தப்பில்ல, கட்டின நேரமும் இடமும்தான் தப்பாப் போச்சு. டேம் இருக்கறது திருப்பூருக்குக் கீழ. டேம் வேலை நடந்த அதே வருஷங்கள்லதான் பனியன் எக்ஸ்போர்ட் கிடுகிடுன்னு ஏறுது, ஆத்தோரமா சாயப்பட்டறையும் சலவைப்பட்டறையும் நூத்துக்கணக்குல வருது, அத்தனை பேரும் தண்ணிய விடறதுக்கு இருந்த ஒரே வழி ஆறு.

நொய்யல் வருஷம் பூரா ஓடற ஆறு கெடையாது. மழை நாலு நாள் பேஞ்சா வெள்ளம், மத்த மாசமெல்லாம் திருப்பூர் பக்கம் ஆத்துல ஓடினது சாயத்தண்ணியும் சாக்கடையும்தான். டேம் இல்லாம இருந்திருந்தா அது அப்படியே காவிரிக்குப் போயிருக்கும், நல்லதுன்னு சொல்ல வரல, போயிருக்கும் அவ்ளோதான். டேம் வந்ததும் அது போகாம நின்னுச்சு, நின்ன தண்ணி வெயில்ல ஆவியாச்சு. நம்ம பக்கம் வருஷத்துக்கு ஒண்ணரை மீட்டருக்கு மேல ஆவியாகிற வெயிலுங்க. ஆவியா போறது வெறும் தண்ணி, உப்பு போகாது, அது அங்கயேதான் இருக்கும், அதனால மாசம் ஆக ஆக டேம்ல இருந்த தண்ணி இன்னும் கெட்டியாயிட்டே வந்துச்சு, அடியில மண்ணுக்குள்ள எறங்கி சுத்துவட்டாரக் கிணறு போர் எல்லாத்துலயும் கலந்துச்சு. ஷட்டரத் திறந்தா கீழ இருக்கறவன் பயிர் கருகும், மூடினா மேல இருக்கறவன் கிணறு கெடும். இந்த நெலமையிலதான் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிங்க கோர்ட்டுக்குப் போனாங்க, தேக்கறதும் நின்னுச்சு.

இப்ப நிலைமை அன்னைக்கு மாதிரி இல்ல, வெள்ளத்தண்ணியையாவது தேக்கக்கூடாதான்னு நீங்க கேக்கறது சரியான கேள்விதான். என் கருத்தச் சொல்றேன். மழை ஆரம்பிச்சதும் வர்ற மொத வெள்ளம் ரொம்ப மோசமானது, ஆத்துல மாசக்கணக்கா படிஞ்சு கெடந்த அத்தனையையும் அடிச்சுட்டு வரும், அதைத் தேக்கவே கூடாது. ரெண்டு மூணு நாள் நல்லா ஓடினதுக்கு அப்புறம் வர்ற வெள்ளம் வேற, அதுல உப்பு வெகுவா இறங்கியிருக்கும். இதுல எது தேக்கற தண்ணி, எது விடற தண்ணின்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாது, அளந்தாத்தான் தெரியும். நம்ம டேம்ல எல்லாம் அளவுகோல் கல்லுல அடிதான் எழுதியிருக்கும், ஷட்டரும் அந்த அடியப் பாத்துத்தான் ஏறி இறங்குது. ஒரத்துப்பாளையத்துல மட்டுமாவது அடிக்குப் பக்கத்துல அன்னைக்கு டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கற மொத்த உப்பு) எவ்ளோன்னு ஒரு போர்டு வேணும், அதைப் பாத்து ஷட்டர இயக்கணும். அதுவரைக்கும் திறந்து வச்சிருக்கறதே பரவால்லீங்க.

கே: முன்னாடி எல்லாம் ஆறு ஒரு நாள் சிவப்பா ஓடும், ஒரு நாள் நீலமா ஓடும்னு அப்பா சொல்வாரு. இப்ப அப்படியெல்லாம் நான் பாத்ததில்ல. அப்ப நொய்யல் சுத்தமாயிருச்சுன்னு எடுத்துக்கலாமா? (கல்லூரி மாணவி, திருப்பூர்)

ப: கலர் போனது நல்லதுதான், ஆனா கலர் எப்பவுமே பெரிய பிரச்சினை இல்ல. எல்லாரும் கலரையே போட்டோ எடுத்துப் போட்டதால உண்மையான ஆளு தப்பிச்சுட்டான். அவன் பேரு உப்பு.

பருத்தித் துணிக்கு சாயம் ஏத்தறப்ப என்ன நடக்குதுன்னு சுருக்கமா சொல்றேன். தண்ணியில முங்கின பருத்தி நூல் மேலயும் நெகட்டிவ் சார்ஜ் இருக்கும், இங்க அதிகமா பயன்படுத்தற ரியாக்டிவ் சாயத்துலயும் நெகட்டிவ் சார்ஜ் இருக்கும், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தள்ளிவிடும். சாயம் துணிய அண்டணும்னா நடுவுல உப்பு வேணும். சாதா உப்போ இல்ல கிளாபர் சால்ட்டுன்னு சொல்ற சோடியம் சல்பேட்டோ போடுவாங்க, அதுவும் கருப்பு நேவி புளூ மாதிரி அடர் கலர்னா ஒரு லிட்டர் சாயத்தண்ணிக்கு 60 கிராம் 80 கிராம்னு போகும். வேலை முடிஞ்சதும் சாயம் துணியில ஒட்டிக்கும், உப்பு துணியோட ஒட்டாது, போட்டது போட்டபடி கழிவுத்தண்ணியில வெளிய வந்துரும்.

ஆரம்பத்துல பட்டறைக்காரங்க வச்ச சுத்திகரிப்பு என்னன்னா, சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் கலந்து விட்டா சாயம் திரிஞ்சு கசடா அடியில படிஞ்சுரும், மேல இருக்கற தண்ணி பாக்க தெளிவா இருக்கும். அதிகாரி வந்தா கண்ணாடி டம்ளர்ல எடுத்துக் காட்டுவாங்க, பளிச்சுன்னு இருக்கும். ஆனா கரைஞ்ச உப்பு அதுல அப்படியேதான் இருக்கும், போட்ட கெமிக்கல் சேந்து முன்னவிட கொஞ்சம் கூடவே இருக்கும். டீயில கரைஞ்ச சக்கரைய வடிகட்டியில பிடிக்க முடியுமாங்க, அந்தக் கதைதான். கணக்குப் போட்டுப் பாருங்க, லிட்டருக்கு 5 கிராம் உப்பு இருக்கற தண்ணி ஒரு கோடி லிட்டர் ஆத்துல விட்டா அதுல 50 டன் உப்பு. நொய்யல்ல ஒரு நாளைக்கே இந்த மாதிரி பல கோடி லிட்டர் விட்ட காலம் உண்டு.

வெளிய விடற தண்ணியில லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல டிடிஎஸ் இருக்கக்கூடாதுங்கறதுதான் விதி. குடிக்கற தண்ணிக்கு இந்தியத் தர நிர்ணயம் 500 வரைக்கும் நல்லதுங்குது, வேற வழியே இல்லைன்னா 2,000 வரைக்கும் ஒத்துக்குது. அதனால உங்க காலேஜ்ல லேப் இருந்தா நாலு இடத்துல, மழைக்கு முன்னாடி ஒரு வாட்டி மழைக்கு அப்புறம் ஒரு வாட்டி, தண்ணி எடுத்து அளந்து பாருங்க. தெளிவா இருக்கற தண்ணி என்ன நம்பர் காட்டுதுன்னு பாத்துட்டு சுத்தமா இல்லையான்னு நீங்களே அப்பாகிட்ட சொல்லுங்க.

கே: நொய்யல் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது? முன்னாடி ஜீவநதியா இருந்துச்சுன்னு எங்க பாட்டி சொல்றாங்க. (கரூர்)

ப: வெள்ளியங்கிரி மலையில ஆரம்பம், கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்னு நாலு மாவட்டம் தொட்டு 170, 180 கிலோமீட்டர் ஓடி உங்க மாவட்டத்துல நொய்யல்ங்கற ஊர்லயே காவிரியில சேருது. நடுவுல சங்கனூர் பள்ளம், கௌசிகா, நல்லாறுன்னு சேருது, அதுங்க நெலமை நொய்யலவிட மோசம்.

ஜீவநதியான்னா, மலையடிவாரத்துல ஓரளவுக்கு. மேற்கே மலையில தென்மேற்குப் பருவமழை கொட்டித் தள்ளும், ஆனா கிழக்க வர வர மழை கொறைஞ்சு திருப்பூர் தாண்டினா வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான், அதுவும் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில. பாட்டி சொல்றதும் பொய்யில்ல. அந்தக் காலத்துல ஆத்துல மணல் இருந்துச்சு, நாலடி தோண்டினா ஊத்து வரும், மேல ஓடலைன்னாலும் அடியில தண்ணி இருந்துட்டே இருக்கும். மணல் போச்சு, ஊத்தும் போச்சு.

இதுல நான் ரொம்ப ரசிக்கற விஷயம் ஒண்ணு இருக்கு, சொல்லாம விட்டா தூக்கம் வராது. இந்த மாதிரி நாலு நாள் ஓடற ஆத்த வச்சு எப்படி பண்ணையம் பண்றதுன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பெரிய டேம் கட்டல. சித்திரைச்சாவடியில ஆரம்பிச்சு குனியமுத்தூர், வெள்ளலூர், சிங்காநல்லூர்னு வரிசையா இருபதுக்கும் மேல சின்னச் சின்ன தடுப்பணை, ஒவ்வொண்ணுல இருந்தும் ஒரு ராஜவாய்க்கால், அது போய் ரொப்பற குளங்க. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி குளம், சூலூர் குளம், சாமளாபுரம் குளம்னு முப்பது சொச்சம். வெள்ளம் வர்ற நாலு நாள்ல ஒரு குளம் ரொம்பினா மிச்சம் அடுத்த அணைக்குப் போகும், அங்க ரொம்பினா அதுக்கு அடுத்தது. பேரூர்க் கோயில்ல கொங்குச் சோழர் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு, தேவிச்சிறைன்னு புதுசா ஒரு அணை கட்டிக்க ஊர்க்காரங்களுக்கு அனுமதி தர்றாங்க, ஆனா கோளூர் அணைக்குப் போற தண்ணிக்கு எடஞ்சல் வராம கட்டணும்னு கண்டிஷன் போட்டு. மேல இருக்கறவனுக்கு கீழ இருக்கறவனப் பத்தின பொறுப்ப கல்லுல அடிச்சு வச்சிருக்காங்க பாருங்க. திருப்பூர்ல சாயப்பட்டறைக்கு லைசென்ஸ் குடுத்தப்ப இந்த ஒரு வரிய யாராவது படிச்சுக் காட்டியிருக்கலாம்.

கே: கோவையில மழை பேஞ்சா அணைக்கட்டுக்குக் கீழ மலை மாதிரி நுரை பொங்குது, ரோட்டுக்கே பறந்து வருது. அதுவும் சாயக் கழிவுதானா? (சிங்காநல்லூர்)

ப: பெரும்பாலும் நம்ம வீட்டுத் துணி சோப்பும் பாத்திரம் கழுவற சோப்பும்தாங்க. சுத்திகரிக்காத சாக்கடையில டிடர்ஜென்ட் இருக்கும், அது அணையில இருந்து உசரத்துல விழுறப்ப காத்தோட கலந்து நுரைக்கும். அதுல இருக்கற பாஸ்பேட்டுதான் குளத்துல ஆகாயத்தாமரை வளர்றதுக்கும் தீனி. மழை நேரத்துல கம்பெனிக் கழிவையும் சந்தடி சாக்குல திறந்து விடறவங்க இருக்காங்க, வெள்ளத்துல யாரு விட்டதுன்னு கண்டுபிடிக்கறது கஷ்டம். ஆனா எல்லாத்தையும் திருப்பூர்க்காரன் தலையில கட்டிட முடியாது, திருப்பூருக்கு ஆறு வந்து சேர்றப்பவே கோவை அதுல தன் பங்கப் போட்டுத்தான் அனுப்புது. ஸ்மார்ட் சிட்டியில குளக்கரைக்கு நடைபாதை போட்டாங்க, லைட் போட்டாங்க, சாயந்திரம் நடக்க நல்லாத்தான் இருக்கு. குளத்துக்குள்ள வர்ற வாய்க்கால்ல என்ன வருதுன்னு நடக்கறப்ப எட்டிப் பாருங்க.

கே: எனக்கு ஒரத்துப்பாளையம் பக்கம் மூணு ஏக்கர். கிணத்துத் தண்ணி டிடிஎஸ் 3,000 காட்டுது. தென்னை ஓரளவு நிக்குது, சின்ன வெங்காயம் போட்டா நுனி கருகிப் போகுது. மருந்துக்கடைக்காரர் ஜிப்சம் போடச் சொல்றாரு. போடலாமா? வேற என்ன வெள்ளாமை வைக்கலாம்? (விவசாயி, காங்கேயம் தாலுகா)

ப: ஜிப்சம் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். டிடிஎஸ்னா மொத்த உப்பு எவ்ளோன்னுதான் சொல்லும், என்ன உப்புன்னு சொல்லாது. வெறும் உப்பு அதிகம்ங்கறது ஒரு நோய், சோடியம் அதிகம்ங்கறது வேற நோய். சாயத்தண்ணி பாதிச்ச எடத்துல ரெண்டும் சேந்தே இருக்கலாம், ஏன்னா பட்டறையில போட்டது சோடியம் உப்புதான். சோடியம் ஏறினா களிமண் சிதைஞ்சு மேல ஓடு மாதிரி கட்டிக்கும், பாச்சின தண்ணி உள்ள இறங்காம நிக்கும், காஞ்சா வெடிக்கும். அப்படி இருந்தா ஜிப்சம் வேலை செய்யும், அதுல இருக்கற கால்சியம் சோடியத்த மண்ணுல இருந்து கழட்டிவிடும், ஆனா கழண்டத கீழ அடிச்சுட்டுப் போக நல்ல தண்ணியும் வடிகாலும் வேணும், இல்லைன்னா கழண்ட சோடியம் அங்கயேதான் சுத்தும். மண்ணு நல்லா தண்ணி குடிக்குது, உப்பு மட்டும்தான் ஜாஸ்தின்னா ஜிப்சம் போட்டு பிரயோஜனமில்ல, காசுதான் வீண். அதனால மண்ணையும் தண்ணியையும் தனித்தனியா எடுத்துட்டுப் போய் வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையத்துல குடுத்து, ஈசி (மின்சாரம் பாயற அளவு, உப்பு கூடினா இதுவும் கூடும்) எவ்ளோ, சோடியம் எவ்ளோ, ஜிப்சம் தேவையான்னு மூணும் கேளுங்க. மருந்துக்கடையில கேக்காதீங்க.

உங்க 3,000 டிடிஎஸ்ஸ 640ஆல வகுத்தா ஈசி கிட்டத்தட்ட 4.7 வரும். வெங்காயம் இதுக்குத் தாங்கவே தாங்காது, உப்புக்கு பயப்படற பயிர்ல அது மொத வரிசை, அவரை பீன்ஸும் அப்படித்தான். நீங்க என்ன உரம் போட்டாலும் நுனி கருகும், விட்டுருங்க. தென்னை தாங்கும், பருத்தி நல்லாவே தாங்கும், சோளம் ஓரளவு தாங்கும். தீவனத்துக்கு சோளத்தட்டு போடலாம். நடுவுல ஒரு போகம் தக்கைப்பூண்டு வெதச்சு பூக்கறப்ப மடக்கி உழுதுருங்க, அது உப்பு மண்ணுலயும் வரும், மண்ணு கொஞ்சம் இளகும்.

சொட்டு நீர் போட்டிருந்தா ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க, உப்பு நனையற வட்டத்தோட ஓரத்துல போய் சேரும். லேசா ஒரு தூறல் போட்டா அந்த உப்பு அப்படியே வேருக்கு இறங்கிரும். மழை வந்துருச்சேன்னு மோட்டார நிறுத்துவோம்ல, அன்னைக்குத்தான் நிறுத்தக் கூடாது, ஓட்டணும். பெருமழைன்னா நிறுத்திக்கலாம். தோட்டத்துல விழுற மழைத்தண்ணிய ஒரு மூலையில குட்டை வெட்டி நிறுத்துங்க, ஜல்லி மணல் போட்டு வடிகட்டி கிணத்துக்குத் திருப்பி விட்டா வருஷம் வருஷம் நம்பர் கொஞ்சம் இறங்கும். டேம் காலியா இருக்கறதும் இந்த விஷயத்துல உங்களுக்கு உதவிதான்.

ஒரு ஏக்கராவது பாசனமே இல்லாம கொறங்காடா, அதாவது மேய்ச்சல் காடா விடலாமேங்க. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் கிளுவை வேலியும் உங்க பக்கத்துக்குப் புதுசா, காங்கேயம் மாடு வளந்ததே அதுலதானே. மாட்டுக்கு இந்தக் கிணத்துத் தண்ணி காட்டறீங்கன்னா, புதுசா வாங்கின மாட்டுக்கு கொஞ்ச நாள் பேதியாகும், பால் மாட்டுக்கு நல்ல தண்ணி கலந்து காட்டுங்க.

கே: டேம்ல தேங்கி நிக்கற குட்டையில மீன் பிடிச்சு விக்கறாங்க. வாங்கலாமா? (ஈரோடு)

ப: நான் வாங்க மாட்டேன். ஜிலேபி மீன் எந்தத் தண்ணியிலயும் உயிரோட இருக்கும், அது துள்ளறத வச்சு தண்ணி நல்லாருக்குன்னு முடிவு பண்ணாதீங்க.

கே: இவ்ளோ நாசம் பண்ணின சாயப்பட்டறைய ஒட்டுமொத்தமா மூடிட்டாத்தான் என்ன? விவசாயிக்கு ஒரு நியாயம், எக்ஸ்போர்ட்காரனுக்கு ஒரு நியாயமா? (வெள்ளகோவில்)

ப: ஒரு தடவை மூடியே பாத்தாங்க. வரிசையா சொல்றேன், ஏன்னா இந்த வழக்கோட கதை நிறையப் பேருக்கு முழுசா தெரியாது.

2004ல சூழல் இழப்பு ஆணையம் 68 கிராமத்துல 28,596 விவசாயிங்க பாதிக்கப்பட்டிருக்காங்கன்னு கணக்கெடுத்து 24.79 கோடி ரூபாய் நஷ்ட ஈடு குடுக்கச் சொல்லுச்சு. கேக்க பெரிய தொகையாத் தெரியும், ஆளுக்கு வகுத்தா 8,700 ரூபாய் கூட வரல, ஒரு போர் போடறதுக்கே பத்தாது. அப்புறம் 2006 டிசம்பர் 22ல சென்னை ஹைகோர்ட் தீர்ப்பு வந்துச்சு. கெடுத்தவன்தான் காசு குடுக்கணும், ஒரு சொட்டு கழிவும் வெளிய விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் முறைக்கு வரணும், அதுவரைக்கும் விடற தண்ணிக்கு லிட்டருக்கு 6 பைசாவுல ஆரம்பிச்சு 10 பைசா வரைக்கும் கட்டணும்னு. பட்டறைக்காரங்க சுப்ரீம் கோர்ட் போனாங்க, 2009 அக்டோபர்ல அங்கயும் அதையேதான் சொன்னாங்க. கெடு மேல கெடு வாங்கியும் தண்ணி நிக்கல, கடைசியில 2011 ஜனவரி 28ந் தேதி ஹைகோர்ட் மொத்தப் பட்டறையையும் மூடச் சொல்லிருச்சு, எழுநூறுக்கு மேல மூடுனாங்க.

மூடினதும் என்னாச்சுன்னா, சாயம் போட ஆளில்லாம துணி லாரி ஏறி வேற ஊருக்குப் போச்சு. அங்க இருந்த ஆத்தையும் பள்ளத்தையும் பத்தி யாரும் பேசல. பனியன் கம்பெனியில வேலை பாத்தவங்க நிறையப் பேரு ஊரப் பாத்துக் கெளம்பினாங்க. அதுல இன்னொரு கொடுமை, நொய்யல் கரையில வெள்ளாமை போச்சேன்னு காட்ட விட்டுட்டு கம்பெனி வேலைக்குப் போன விவசாயி வீட்டுப் பிள்ளைங்களுக்கும் அப்ப வேலை போச்சு. கிணறு போனதும் அந்தத் துணியாலதான், சோறு வந்ததும் அந்தத் துணியாலதான், அதனால ஒரே வரியில மூடுங்கன்னு என்னால சொல்ல முடியலீங்க.

அப்புறம் ஆர்ஓ வச்சு, ஆர்ஓ தள்ளற உப்புத்தண்ணிய எவாப்பரேட்டர்ல காச்சி, உப்பத் தனியா எடுத்து, தண்ணியையும் உப்பையும் திரும்ப சாயத்துக்கே பயன்படுத்தற முறைக்கு வந்து ஒவ்வொண்ணா திறந்தாங்க. இது நிஜமாவே பெரிய வேலை, அந்தப் பாராட்டக் குடுத்துரணும். செலவும் பெருசு, தண்ணியக் காச்சறதுன்னா வெறகும் கரெண்டும் சும்மா வருமா. கலவை உப்பும் கசடும் வேற மூட்டை மூட்டையா சேருது, கசடக் கொஞ்சம் சிமெண்ட் ஆலைக்கு அனுப்பறாங்க, கலவை உப்புக்கு இன்னும் சரியான வழி வரல. இவ்ளோ செலவு பண்றவன் பக்கத்துலயே அனுமதி இல்லாம ஒரு ஷெட்டுல ராத்திரியில சாயம் போட்டு சாக்கடையில விடறவன் இருந்தா, ஒழுங்கா நடத்தறவன் எத்தனை நாளைக்குத் தாங்குவான்? என்னக் கேட்டா மூடவேண்டியது அந்த ஷெட்டத்தான். அதைப் பிடிக்கறதுக்கும் ராத்திரியில ஆத்துல டிடிஎஸ் தானா அளக்கற மெஷின் நாலு பாலத்துக்கு அடியில இருந்தாப் போதும், எந்தப் பாலத்துல நம்பர் குதிக்குதோ அதுக்கு மேலதான் ஆளு இருப்பான்.

கே: டேமுக்குப் பக்கத்துல கொடுமணல்ல தோண்டி எடுத்தாங்களே, அது பத்தியும் சொல்லுங்களேன். (பள்ளி ஆசிரியை, பெருந்துறை)

ப: கேட்டதுக்கு நன்றி டீச்சர், இவ்ளோ நேரம் கழிவுத்தண்ணியே பேசி வாய் கசந்துருச்சு. நொய்யலோட வடகரையில இருக்கற ஊரு. பதிற்றுப்பத்துல கொடுமணம்னு வர்ற ஊரு இதுதான்னு ஆய்வாளருங்க சொல்றாங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இங்க கல்மணி செய்யற பட்டறை இருந்திருக்கு, பச்சைக்கல், படிகம், சூதுபவளம்னு பாதி செஞ்சதும் முழுசா செஞ்சதுமா கெடைச்சிருக்கு. இரும்பு உருக்கின உலை இருந்திருக்கு, தமிழ்ப் பிராமியில பேரு கீறின பானை ஓடு ஏராளம். பாலக்காட்டுக் கணவாய் வழியா மேற்குக் கடற்கரைத் துறைமுகத்துக்கும் கரூருக்கும் நடுவுல போற வணிகப் பாதை இந்த ஆத்த ஒட்டித்தான். அப்பவும் இந்த ஆத்தங்கரையில எக்ஸ்போர்ட்தான் நடந்திருக்குன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க, நல்லா கேப்பாங்க. கூட்டிட்டுப் போனா ஈமக்காட்டுல இருக்கற பெரிய நெடுகல்லையும் காட்டுங்க, வெயிலுக்கு முன்னாடி காலையிலயே போயிருங்க.

கே: கையில வச்சு அளக்கற டிடிஎஸ் மீட்டர் ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கே கெடைக்குது. அதை நம்பலாமா? (முத்தூர்)

ப: கிணத்துத் தண்ணி போன மாசத்துக்கு இந்த மாசம் ஏறுதா இறங்குதான்னு பாக்க தாராளமா நம்பலாம். அது உண்மையில அளக்கறது தண்ணியில எவ்ளோ மின்சாரம் பாயுதுங்கறத, அதை வச்சு உள்ள ஒரு கணக்குப் போட்டு டிடிஎஸ்னு காட்டும், அதனால நாலு மீட்டர் நாலு நம்பர் காட்டினா பயந்துராதீங்க. பொல்யூஷன் கண்ட்ரோல் போர்டுக்கோ கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கோ மனு குடுக்கணும்னா லேப் ரிப்போர்ட் வேணும், இது செல்லாது. மோட்டார் போட்டு கொஞ்ச நேரம் ஓடவிட்டு அப்புறம் தண்ணி பிடிங்க, அளந்து முடிச்சதும் நல்ல தண்ணியில முனையக் கழுவி வைங்க, வருஷத்துக்கு ஒரு வாட்டியாவது அளவு தெரிஞ்ச கரைசல் வாங்கி சரி பாத்துக்குங்க. அளந்தத தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதுங்க, மழை பேஞ்ச நாளையும் டேம்ல தண்ணி நின்ன நாளையும் பக்கத்துலயே எழுதுங்க. முத்தூர்ல நாலஞ்சு தோட்டத்துக்காரங்க சேந்து இத ஒரு வருஷம் எழுதினீங்கன்னா எனக்கு அனுப்புங்க, இந்தப் பக்கத்துலயே போடறேன்.